பன்மொழி வரமும் பயின்ற தமிழும்: சவேரியார் வரலாறுகள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

1

அடியார்களின் வாழ்க்கையைக் கூறும் நூல்கள் எல்லாச் சமயங்களிலும் உள்ளன. அவை தோன்றும் காலமும் சூழலும் வேறுபடினும் அவற்றின் அமைப்பிலே சில பொதுப் பண்புகளைக் காணலாம். இளமையிலேயே பெருமைக்கான அறிகுறிகள் தென்படும், உலக வாழ்வைத் துறக்கும் கணமொன்று வரும், சோதனைகள் தொடரும், அற்புதங்கள் நிகழும், இறப்பும் ஓர் அற்புதத்தோடு இணைந்து நிற்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தோடு பழகிய தமிழ் வாசகனுக்கு இவ்வமைப்புப் புதியதன்று. ஈழத்துக் கத்தோலிக்க மக்களிடையே ஆடப்பட்டுவந்த எஸ்தாக்கியார் போன்ற நாட்டுக்கூத்துக்களும் இவ்வமைப்பையே தழுவியுள்ளன.

இத்தகைய ஆக்கங்களை அணுகுவோர் பெரும்பாலும் அவற்றிற் கூறப்படும் அற்புதங்கள் உண்மையில் நிகழ்ந்தனவா என்னும் வினாவுடனேயே தொடங்குவர். நம்புவோர் நிகழ்ந்தன என்பர், நம்பாதோர் மறுப்பர். விவாதம் அத்துடன் முடிந்துவிடும். ஆயின் இலக்கியத் திறனாய்வின் நோக்கில் இதனினும் பயனுள்ள வினாவொன்றுண்டு. ஓர் அடியவர்மீது ஒரு குறிப்பிட்ட அற்புதம் ஏன் ஏற்றிச் சொல்லப்பட்டது? அதனைச் சொல்வதால் அவரது வாழ்க்கையின் எப்பகுதி ஒளி பெறுகின்றது? எப்பகுதி மறைந்துபோகின்றது?

இவ்வினாவை எழுப்புவதற்குப் புனித பிரான்சிஸ் சவேரியாரின் வரலாறுகளைப் போலப் பொருத்தமானவை பிறிதில்லை எனலாம். கற்காத மொழிகளைப் பிறவியிலேயே பேசியவர்போற் பேசும் வரம் அவருக்கு அருளப்பட்டிருந்தது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று. 1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் திகதி அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அது தொடர்பாகத் திருத்தந்தை வெளியிட்ட 1623ஆம் ஆண்டு ஆணைமடலிலும் இவ்வரம் இடம்பெற்றது. அந்தப் பன்மொழி வரத்துக்குரிய மொழிகளுள் முதன்மையானது தமிழ் என்பது மனங்கொளத்தக்கது. ஆகவே இது தமிழ் மாணவருக்கு அயலான விடயமன்று. சவேரியார் தமிழோடு கொண்ட தொடர்பினை அவருடைய மடல்கள் எவ்வாறு காட்டுகின்றன, பின்வந்த வரலாறுகள் எவ்வாறு காட்டுகின்றன என்பதை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆந் திகதி நவார் நாட்டிலுள்ள சவியேர் கோட்டையிற் பிறந்தார். வீட்டிலே அவர் கேட்டு வளர்ந்தது பாஸ்க் மொழி. ஐரோப்பாவின் ஏனைய மொழிகளோடு உறவற்றுத் தனித்து நிற்கும் மொழி அது. அவருக்கு ஆறு வயதானபோது, 1512இல், நவார் கஸ்தீலியரின் ஆட்சிக்குட்பட்டது. சிறிய நாடொன்றின் வீழ்ச்சியையும் சிறிய மொழியொன்றின் தனிமையையும் இளமையிலேயே அறிந்திருந்தவர் அவர்.

1525இற் பாரிஸ் பல்கலைக்கழகஞ் சென்ற அவர் அங்கே இலொயோலா இஞ்ஞாசியாரைச் சந்தித்தார். 1534இல் மொன்மார்த்திலே எழுவர் ஒன்றுகூடி எடுத்த வார்த்தைப்பாடே பின்னர் இயேசு சபையாக விரிந்தது. போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் யோவானின் வேண்டுகோளுக்கமைய 1541 ஏப்பிரலில் லிஸ்பனிலிருந்து கப்பலேறிய சவேரியார், மொசாம்பிக்கிற் சில மாதங்கள் தங்கி, 1542 மே 6ஆந் திகதி கோவாவை அடைந்தார். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். பின்னர் மலாக்கா, மொலுக்காஸ் தீவுகள், யப்பான் எனத் தொடர்ந்த அவரது பயணம், 1552 டிசெம்பர் 3ஆந் திகதி சீனக் கரைக்கு அண்மையிலுள்ள சங்சுவான் தீவில் முடிவடைந்தது. பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அடங்கிய வாழ்வு இது.

முத்துக்குளித்துறையின் அன்றைய நிலையையும் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். பரதவர் சவேரியாரால் மதம் மாறியவரல்லர். அவர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1535 முதல் 1537 வரையான காலப்பகுதியில், ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். முத்துக்குளிப்பின் மீதான உரிமை தொடர்பாக முஸ்லிம் வணிகருடன் ஏற்பட்ட பூசலிலே போர்த்துக்கேயரின் கடற்படைப் பாதுகாப்பை நாடியமையே இம்மாற்றத்தின் உடனடிக் காரணமாகும். பெயர் மாறியிருந்தது, போதனை நடைபெறவில்லை. போதிப்பதற்குத் தமிழ் அறிந்த குருவானவர் இருக்கவில்லை. சவேரியார் எதிர்கொண்ட முதற் பிரச்சினை எனவே நம்பிக்கை சார்ந்ததன்று; மொழி சார்ந்ததாகும்.

3

பன்மொழி வரம் பற்றிய கூற்று ஒரே நாளில் உருவானதன்று. சவேரியார் இறந்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 1556, 1557ஆம் ஆண்டுகளில், மன்னன் யோவானின் கட்டளைப்படி கோவா, கொச்சி, மலாக்கா முதலிய இடங்களிற் சாட்சியங்கள் பதிவு செய்யப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலும் விசாரணைகள் நடைபெற்றன. ஆண்டுகள் செல்லச் செல்லச் சாட்சிகளின் நினைவிலே சவேரியாரின் உருவம் வளர்ந்துகொண்டே சென்றது. தொர்செல்லினோ இலத்தீனில் எழுதி 1596இல் வெளியான வரலாறு அதற்கு இலக்கிய வடிவம் அளித்தது. 1682இல் பூகூர் என்னும் இயேசு சபைக் குருவானவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய வரலாறு அவ்வடிவத்தை மேலும் மெருகூட்டியது. அதனை ஆங்கிலக் கவிஞர் டிரைடன் 1688இல் மொழிபெயர்த்தார். கடலில் தவறி விழுந்த சிலுவையை நண்டொன்று கரைக்குக் கொணர்ந்து கொடுத்தது என்னும் கதையும் இவ்வழியாகவே உலகெங்கும் பரவிற்று.

இவ்வளர்ச்சியை நுணுகி நோக்கியவருள் அமெரிக்கரான அன்ட்ரூ டிக்சன் வைட் குறிப்பிடத்தக்கவர். 1896இல் வெளியிட்ட தமது நூலிலே, சவேரியாரின் மடல்களில் இல்லாத அற்புதங்கள் ஒவ்வொரு புதிய வரலாற்றிலும் எவ்வாறு பெருகின என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவரது முறை கூரியது. ஆனால் அவரது நோக்கம் அற்புதத்தை மறுப்பதோடு நின்றுவிட்டது. அற்புதம் நீங்கியபின் எஞ்சும் மனிதன் யார் என்பதில் அவர் அக்கறை காட்டவில்லை. அவ்வக்கறையைக் காட்டியவர் இயேசு சபையைச் சேர்ந்தவரே என்பது சுவையானது. ஜேர்மனியரான கேயோர்க் சூர்காமர், யோசப் விக்கி என்பவரோடு இணைந்து சவேரியாரின் மடல்களுக்கு 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஆய்வுப் பதிப்பொன்றை வெளியிட்டார். பின்னர் 1955 முதல் 1973 வரை பெரும் வரலாறொன்றைப் பல பகுதிகளாக வெளியிட்டார். ஆவணத்தின் முன் பக்தியும் பணிய வேண்டும் என்பதை அப்பதிப்பு உணர்த்தியது.

ஆயினும் மக்களுக்கென எழுதப்பட்ட வரலாறுகளிலே பன்மொழி வரம் இன்னும் முழுமையாக மறைந்துவிடவில்லை. அதற்கான காரணத்தை ஊகித்தல் கடினமன்று. சவேரியார் தமிழிலே மன்றாட்டுக்களை மனப்பாடஞ் செய்து ஓதினார். வெண்ணிறத்தவர் ஒருவரின் வாயிலிருந்து தம்முடைய சொற்களைக் கேட்ட மக்கள் வியந்திருப்பர். ஓதுபவர் தாம் ஓதுவதற்கு அப்பால் ஒரு வாக்கியந்தானும் தாமாக அமைக்க வல்லவரா என்பதைக் கூட்டத்தின் நடுவில் நின்றவர் அறிந்திருக்க முடியாது. அறுபது, எழுபது ஆண்டுகளின் பின்னர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சாட்சியம் அளித்தபோது, ஓதியமை பேசியமையாக மாறியிருத்தல் இயல்பே.

4

இனி, சவேரியாரின் மடல்களை நோக்குவோம். இவற்றைப் பயன்படுத்துவோர் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. இயேசு சபையினரின் மடல்கள் யாவும் ஒரே வகையினவல்ல. பிறருக்குக் காட்டத்தக்க செய்திகளைத் தலைமை மடலில் ஒழுங்குற எழுதவேண்டும். ஏனையவற்றைத் தனித்தாள்களில் எழுதவேண்டும் என்பது இஞ்ஞாசியாரின் அறிவுறுத்தல். ஆகவே ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட மடல்கள் வாசகரை முன்னிறுத்தி எழுதப்பட்ட இலக்கியங்களே. 1544 சனவரி 15ஆந் திகதி கொச்சியிலிருந்து உரோமாபுரித் தோழருக்கு எழுதிய மடல் இவ்வகையிற் புகழ்பெற்றது. அடுத்த ஆண்டிலேயே அது பிரெஞ்சு மொழியில் அச்சாகிப் பாரிஸ் நகரில் வெளிவந்தது.

அம்மடலிலே சவேரியார் தமது பணியின் தொடக்கத்தை விவரிக்கின்றார். தமிழும் போர்த்துக்கேயமும் ஓரளவு அறிந்த சிலரை ஒன்றுகூட்டி, பல நாட்கள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கியதாகக் கூறுகின்றார். அவற்றை மனப்பாடஞ் செய்துகொண்டு கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்ததாகவும் கூறுகின்றார். திருமுழுக்கு வழங்கி வழங்கிக் கைகள் சோர்ந்த நாட்களும் உண்டென்கிறார். பாரிஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, அன்பைவிட அறிவையே பெருக்கிக்கொண்டிருப்போரை நோக்கிப் பித்தனைப் போலக் கூக்குரலிட விரும்பியதாகவும் எழுதுகின்றார். உணர்ச்சி மிகுந்த உரைநடை இது. இதனை வாசித்து எத்தனையோ இளைஞர் கீழைத்தேயங்களுக்குப் புறப்பட்டனர்.

இம்மடலே பன்மொழி வரத்துக்கு எதிரான முதற் சான்றாகும். வரம் பெற்றவர் பல நாட்கள் பாடுபட வேண்டியதில்லை. எனினும் இம்மடலிற் கடினங்களெல்லாம் வெற்றியில் முடிகின்றன. உழைப்பு முடிந்துவிட்டது, தமிழ் வசப்பட்டுவிட்டது என்றே வாசகர் எண்ணுவர். உண்மை நிலையை அறிவதற்கு வேறோர் ஆவணத் தொகுதியை நாட வேண்டும்.

பிரான்சிஸ்கோ மன்சிலாஸ் என்பவர் முத்துக்குளித்துறையிற் சவேரியாருக்குத் துணையாகப் பணியாற்றிய போர்த்துக்கேயர். 1544இல் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய கரையூர்களுக்கிடையே அலைந்துகொண்டிருந்த சவேரியார் அவருக்குச் சிறுசிறு குறிப்புக்கள் பல அனுப்பினார். இவை அச்சிற் காட்டுவதற்காக எழுதப்பட்டவையல்ல. அவசரமும் சலிப்பும் நகைச்சுவையும் கோபமும் கலந்த நாளாந்தக் குறிப்புக்கள் இவை. பிற்காலத்தில் மன்சிலாஸ் கட்டளைக்குப் பணியாமையால் சபையிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் இக்குறிப்புக்களை அவர் பேணி வைத்திருந்தார். சபை விலக்கிய ஒருவரின் கையிலேயே சவேரியாரின் மெய்யான குரல் எஞ்சியது எனலாம்.

இக்குறிப்புக்களுள் ஒன்றிலே, தாம் மொழிபெயர்ப்பாளர் இன்றித் தனித்திருக்கும் நிலையைச் சவேரியார் விவரிக்கின்றார். மொழிபெயர்ப்பாளன் நோயுற்று மணப்பாட்டிற் கிடக்கின்றான். மக்கள் பேசுவது இவருக்கு விளங்கவில்லை. இவர் பேசுவது மக்களுக்கு விளங்கவில்லை. இந்நிலையில் தமது பிரசங்கம் எத்தகையதாயிருக்கும் என்று எண்ணிப் பார்க்குமாறு மன்சிலாசிடம் கூறுகின்றார். பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்குவதற்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை. ஏழைகளும் தம் துயரை மொழிபெயர்ப்பாளன் இன்றியே உணர்த்திவிடுகின்றனர் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றார். முத்துக்குளித்துறைக்கு வந்து ஏறத்தாழ இரண்டாண்டுகளின் பின் எழுதப்பட்டது இது.

இதனினும் சிறப்பான குறிப்பொன்று உள்ளது. விசுவாசப் பிரமாணத்தின் தமிழாக்கத்திலே ‘நம்புகிறேன்’ என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் இடம்பெற்றுவிட்டது. வேணும் என்பது விருப்பத்தைக் குறிக்கும். இறைவனை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக இறைவன் எனக்கு வேணும் என்றே மக்கள் ஓதிக்கொண்டிருந்தனர். இதனை அறிந்துகொண்ட சவேரியார், இனிமேல் ‘வேணும்’ என்று சொல்ல வேண்டாம், ‘விசுவாசம்’ என்றே சொல்லவேண்டும் என்று மன்சிலாசுக்கு 1544இல் எழுதுகின்றார்.

ஒரேயொரு சொல்லைப் பற்றிய இத்திருத்தம் தமிழ் மாணவரின் கவனத்திற்கு உரியது. முதலாவதாக, ‘வேண்டும்’ என்னாது ‘வேணும்’ என்றிருப்பதால், இம்மொழிபெயர்ப்பு ஏட்டுத் தமிழில் அன்றிக் கடற்கரை மக்களின் பேச்சுத் தமிழில் அமைந்திருந்தது என்பது புலனாகின்றது. இரண்டாவதாக, பிழையைச் சுட்டிக்காட்டிய தமிழர் ஒருவர் சவேரியாரின் அருகில் இருந்திருக்க வேண்டும். அவர் யாரென்பது குறிப்பில் இல்லை. மூன்றாவதாக, தாம் ஈராண்டுகளாக ஆயிரக்கணக்கானோருக்குக் கற்பித்துவந்த ஒன்று பிழையெனத் தெரிந்தவுடன் அதனை மறைக்காது திருத்த முற்படும் மனநிலை இங்கே வெளிப்படுகின்றது. ‘விசுவசிக்கிறேன்’ என்னும் வழக்குத் தமிழ்க் கத்தோலிக்கரின் செபங்களில் இன்றும் நிலைத்துள்ளது. பன்மொழி வரம் பெற்றவராகச் சவேரியாரைக் காட்டும் வரலாற்றில் இச்சொல்லுக்கு இடமேயில்லை. வரத்தினாற் பேசுபவன் பிழைவிடமாட்டான். பிழைவிடாதவனுக்குத் திருத்தமும் இல்லை.

யப்பானிலும் இதே நிலை தொடர்ந்தது. 1549 ஓகஸ்டில் ககொசிமாவை அடைந்த சவேரியார், அவ்வாண்டு நவம்பரில் எழுதிய நீண்ட மடலிலே, அந்நாட்டவர் தம்மைப் பற்றிப் பலவாறு பேசிக்கொள்ளும்போது தாங்கள் சிலைகளைப் போல வாளாவிருப்பதாகவும், சிறு பிள்ளைகளைப் போல மொழியைக் கற்கவேண்டியிருப்பதாகவும் கூறுகின்றார். கடவுளைக் குறிப்பதற்கு அங்கே ‘தைநிச்சி’ என்னும் சொல்லை முதலில் வழங்கினார். அது ஒரு பௌத்த பிரிவினர் வணங்கும் புத்தரின் பெயர் என்பதை அறிந்த பின்னர் அதனைக் கைவிட்டு, இலத்தீன் சொல்லையே யப்பானிய ஒலிப்பில் வழங்கினார். முத்துக்குளித்துறையில் ‘வேணும்’, யப்பானில் ‘தைநிச்சி’. சொல்லிற் பிழைத்தலும், பிழையை அறிதலும், திருத்துதலுமே அவரது பணியின் உள்ளோட்டமாக இருந்துள்ளன.

5

பன்மொழி வரம் என்னும் கூற்று சவேரியாரின் உழைப்பை மட்டும் மறைக்கவில்லை. அவருக்கு மொழி கொடுத்தவர்களையும் மறைத்துவிடுகின்றது. கோவாவிலிருந்து அவருடன் வந்த முத்துக்குளித்துறை மாணவர் மூவர், மொழிபெயர்ப்பாளர்கள், மன்றாட்டுக்களைத் தமிழாக்க அமர்ந்தவர்கள், பகலிற் கற்றதை இரவில் வீடுகளிற் சொல்லிக்கொடுத்த சிறுவர்கள் என ஒரு பெருங்கூட்டம் அவரைச் சூழ்ந்திருந்தது. அவர் ஊர்தோறும் நியமித்த கணக்கப்பிள்ளைமார் அவர் சென்ற பின்னரும் செபங்களைச் சொல்லிக்கொடுத்து வந்தனர். இவர்களின் ஊதியத்திற்காகப் போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் செலுத்தப்பட்ட நாலாயிரம் பணத்தை அவர் கேட்டுப் பெற்றார். விண்ணகம் ஏறுவதற்கு இச்சிறுவரைவிடச் சிறந்த பாதணி அரசிக்கு வேறில்லை என்னும் கருத்துப்பட அவர் எழுதியமை அவரது நகைச்சுவைக்குச் சான்றாகும். இத்தகைய ஏற்பாடுகளின் வழியாகவே தமிழிற் கிறித்தவப் போதனை நிலைபெற்றது. அற்புதம் ஒரு தனிமனிதனின் நாவில் நிகழ்வது. மேற்கூறியதோ ஒரு சமூகத்தின் கூட்டு முயற்சி.

இம்முயற்சியின் தொடர்ச்சி தமிழ் அச்சு வரலாற்றோடு இணைந்தது. சவேரியார் இறந்து இரண்டாண்டு முடிவதற்குள், 1554 பெப்ரவரி 11ஆந் திகதி, தமிழ் மன்றாட்டுக்களை உரோமன் எழுத்தில் தரும் நூலொன்று லிஸ்பனில் அச்சாயிற்று. அதனை ஆக்கியோராக வின்சென்தே த நசரே, யோர்சே கர்வாலோ, தோமே த குரூஸ் ஆகிய மூவர் பெயர்கள் காணப்படுகின்றன. இவர்கள் இந்தியர், திருமுழுக்குப் பெயர்களுக்குப் பின்னால் அவர்களுடைய தாய்மொழிப் பெயர்கள் மறைந்துபோயின. எனினும் தமிழை முதன்முதலாக அச்சுக்குக் கொண்டுவந்தோர் பட்டியலில் அவர்களுக்கு இடமுண்டு.

1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அன்றீக்கு அடிகளார், சவேரியார் விட்ட இடத்திலிருந்து தொடங்கி அவர் அடையாத இடத்தை அடைந்தார். அவர் தமிழ் பேசவும் எழுதவும் வல்லவராகி, தமிழ் இலக்கணமொன்றையும் எழுதினார். சவேரியாரே 1549இல் இஞ்ஞாசியாருக்கு எழுதிய மடலில், தமிழ் அறிந்தமையால் அன்றீக்கு இருவர் செய்யும் பணியை ஒருவராகச் செய்கின்றார் என்னும் கருத்துப்படப் பாராட்டியுள்ளார். தம்மிடம் இல்லாத ஒன்றை இளையவர் ஒருவரிடம் கண்டு மகிழும் இப்பாராட்டு, பன்மொழி வரத்தை மறுக்கும் மற்றுமொரு சான்றாகும். அன்றீக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578 ஒக்டோபர் 20ஆந் திகதி கொல்லத்திற் பதினாறு பக்கங்களில் அச்சாயிற்று. இன்று கிடைப்பவற்றுள் இந்திய மொழியொன்றின் எழுத்திலே இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. 1579இற் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும் 1586இல் அடியார் வரலாறும் வெளிவந்தன.

கிறித்தவ அடியாரின் வாழ்க்கைகளைத் தமிழ் உரைநடையிற் கூறும் முதல் அச்சு நூல் இந்த அடியார் வரலாறே. சவேரியார் அப்போது புனிதராக உயர்த்தப்படவில்லை. தமிழைக் கற்பதற்கு வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் உழைப்பினால் அடியார் வரலாறு என்னும் இலக்கிய வகை அச்சுத் தமிழுக்கு வந்தது. அவ்விலக்கிய வகையே பின்னாளிற் கற்காமற் பேசிய சவேரியாரைப் போற்றியது. இம்முரண்பாடு சிந்தனைக்குரியது. இம்முதல் நூல்கள் நெடுங்காலம் ஐரோப்பிய நூலகங்களில் மறைந்துகிடந்தன. அவற்றின்பாற் தமிழுலகின் கவனத்தை ஈர்த்தவருள் முதன்மையானவர், பேராதனையில் விரிவுரையாளராகப் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார். சவேரியாரின் பெயரையே தம் பெயராகக் கொண்டிருந்த அவர், அப்பெயருக்குரியவரின் தமிழ்ப் பணி எங்கே முடிந்தது, பிறரது பணி எங்கே தொடங்கிற்று என்பதைத் தெளிவுறுத்தும் ஆவணங்களை வெளிக்கொணர உதவினார் எனலாம்.

6

மொழியின்மை சவேரியாரின் பணியை மட்டுமன்றி அவரது தீர்ப்புக்களையும் பாதித்தது. 1544 சனவரி மடலிலே இருநூறுக்கு மேற்பட்ட பிராமணர் வாழ்ந்த கோயிலொன்றில் தாம் நிகழ்த்திய உரையாடலை அவர் விவரிக்கின்றார். அது திருச்செந்தூராக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. உங்கள் தெய்வங்கள் எதனைக் கட்டளையிடுகின்றன என்று அவர் வினவினாராம். பசுவைக் கொல்லாமையும் பிராமணருக்கு ஈகையுமே என்று விடை வந்ததாம். சைவத்தின் சாரம் இவ்விரண்டில் அடங்கிவிடுமா? வினா எவ்வாறு மொழிபெயர்க்கப்பட்டது, விடை எவ்வாறு சுருக்கப்பட்டது என்பதை அறிதற்கு வழியில்லை. தம் முன்னிருந்த மொழியிலே தேவாரமும் திருவாசகமும் உள்ளன என்பதையும் அவர் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் அவ்வாயிலைத் தட்டியபோது நிலைமை மாறத் தொடங்கிற்று. சவேரியார் கோயில்களையும் பிராமணரையும் பற்றிக் கடுஞ்சொற்கள் எழுதியமைக்கு அவர் காலத்து இறையியல் ஒரு காரணம். கேட்கவியலாத காது மற்றொரு காரணம்.

மன்னார் நிகழ்ச்சி ஈழத்தவருக்கு இன்னும் நெருக்கமானது. மன்னார் மக்கள் விடுத்த அழைப்பை ஏற்றுச் சவேரியார் அங்கே குருவானவர் ஒருவரை அனுப்பினார். பலர் திருமுழுக்குப் பெற்றனர். 1544இன் இறுதியில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அவர்களுள் அறுநூறு முதல் எழுநூறு பேர் வரை கொல்வித்தான் எனப்படுகின்றது. இதனை வேதசாட்சியர் வரலாறாகவே கத்தோலிக்க மரபு போற்றிவந்துள்ளது. கொல்லப்பட்டோரின் உறுதி அப்போற்றுதலுக்கு உரியதே. ஆயினும் முத்துக்குளித்துறையில் திருமுழுக்கு என்பது போர்த்துக்கேயரின் பாதுகாப்பை ஏற்பதாகவும் அமைந்ததைக் கண்ணுற்ற ஓர் அரசன், மன்னாரில் நிகழ்ந்ததை அரசுரிமைக்கு எதிரான செயலாக நோக்கியிருத்தல் கூடும். அது கொலையை நியாயப்படுத்தாது, விளங்கிக்கொள்ள உதவும். இதன்பின் சங்கிலிக்கு எதிராகப் படையெடுப்பைச் சவேரியார் வற்புறுத்தினார். பெகுவிலிருந்து பொருளேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியமையால், அப்பொருளைப் பற்றிய கவலை மேலோங்கி, 1545இல் அப்படையெடுப்பு நிகழாமற் போயிற்று. 1546 மே மாதம் அம்பொனிலிருந்து மன்னனுக்கு எழுதிய மடலிற் கோவாவுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டுமென்றும் அவர் கேட்டார். அம்மன்றம் அவர் இறந்து எட்டாண்டுகளின் பின், 1560இல், நிறுவப்பட்டது. அதன் கொடுமைகள் வரலாற்றில் இடம்பெற்றுள்ளன.

இவற்றைக் காட்டிச் சவேரியாரைக் குடியேற்ற ஆதிக்கத்தின் கருவி என்று மட்டும் கூறி முடிப்போரும் உளர். அத்தீர்ப்பும் மடல்களின் முன் முழுமையாக நிற்பதில்லை. போர்த்துக்கேய அதிகாரிகள் கரையோர மக்களைச் சுரண்டியதை அவர் ஓயாது கண்டித்தார். 1545 சனவரியில் நண்பர் ஒருவருக்கு எழுதுகையில், கொள்ளையடித்தல் என்னும் வினையை எல்லாக் காலங்களிலும் எல்லா வடிவங்களிலும் பயன்படுத்துவதற்கே அவர்கள் இங்கு கற்றிருக்கின்றனர் என்னும் பொருள்பட எழுதினார். இலக்கணத்தையே அங்கதமாக்கும் இவ்வரி பாரிஸ் மாணவரின் கூர்மையைக் காட்டுகின்றது. 1544இல் வடுகர் படை தாக்கியபோது, கன்னியாகுமரிக்கு அண்மையிலுள்ள பாறைகளிற் பசியோடு ஒதுங்கிய பரதவருக்கு உணவேற்றிய தோணிகளுடன் செல்ல முயன்றவரும் அவரே. பேரரசின் நிழலில் வந்து, அப்பேரரசின் ஊழலை வெறுத்து, ஆயினும் அதன் வாளை நம்பிய ஒருவரின் முரண்பாடு இது. தூய அற்புதங்களின் தொகுப்பாக அமையும் வரலாற்றில் இம்முரண்பாட்டுக்கு இடமில்லை; வெறும் கண்டனமாக அமையும் வரலாற்றிலும் இல்லை.

7

முடிவாக நோக்குமிடத்து, பன்மொழி வரம் பற்றிய கூற்று சவேரியாருக்குப் பெருமை சேர்ப்பதுபோலத் தோன்றினும் உண்மையில் அவரது பெருமையைக் குறைப்பதாகவே அமைகின்றது. வரம் பெற்று எளிதிற் பேசுபவனைவிட, முப்பத்தாறாவது வயதில் அறியாத மொழியொன்றின் முன் மாணவனாக அமர்ந்தவனே மேலானவன். ஆயிரம் பேர் ஓதும் செபத்திலே ஒரு சொல் பிழையென்று கேட்டதும் அதனைத் திருத்தும்படி ஓலை எழுதியவன் மெய்மையின்பால் கொண்ட பற்றை எந்த அற்புதமும் இதனினும் நன்கு உணர்த்தாது. சேக்கிழாரின் அற்புதங்கள் அவ்வடியார்களின் பாடல்களோடு இணைந்து பொருள் தருகின்றன. சவேரியாரின் மீது ஏற்றப்பட்ட அற்புதமோ அவரே எழுதிவைத்த சொற்களோடு முரண்படுகின்றது. அடியவர் ஒருவரின் வரலாற்றை எழுதுவோன் அவருடைய சொல்லுக்கே முதலிற் பணிதல் வேண்டும்.

யாழ்ப்பாணம் கொழும்புத்துறையிலுள்ள குருமடம் முதல் கரையோரக் கிராமக் கோயில்கள் வரை அவரது பெயர் இந்நாட்டில் நிலைத்துள்ளது. அப்பெயரைத் தாங்கிய புதிய தமிழ் வரலாறொன்று எழுதப்படுமாயின், அது மன்சிலாசுக்கு எழுதிய சிறு குறிப்புக்களிலிருந்து தொடங்குவது நன்று. அவ்வரலாற்றிற் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர்களும் கணக்கப்பிள்ளைமாரும் மணியோசை கேட்டு ஓடிவந்த சிறுவரும் இடம்பெற வேண்டும். சங்கிலியின் அச்சமும் மன்னாரின் குருதியும் இடம்பெற வேண்டும்.

சங்சுவான் தீவிலே சவேரியார் இறக்கும்போது அருகிலிருந்தவர் அந்தோனியோ என்னும் சீன இளைஞர். கோவாவில் நெடுங்காலம் கற்றமையாற் சீன மொழியையே பெருமளவு மறந்திருந்தவர் அவர். காய்ச்சலின் வேகத்திற் சவேரியார் பல மொழிகளிற் பிதற்றியதாகவும், அவற்றுள் ஒன்று தமக்கு விளங்கவில்லை என்றும் அவர் பின்னர் கூறினார். அது சவேரியாரின் தாய்மொழியான பாஸ்க் மொழியாக இருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் முடிபு. எல்லா மொழிகளும் அறிந்தவர் என்று உலகம் பின்னாளிற் போற்றிய ஒருவர், தம் இறுதி வேளையில், அருகிலிருந்தவருக்கு விளங்காத மொழியொன்றிற் பேசினார். அவரை மனிதராகக் காட்டும் சான்று இதனினும் வேறு வேண்டுவதில்லை.